ஏலம் கேட்பவர்களும் கேட்கப்படாதவர்களும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் மூடிக்கிடந்த நூற்பாலை ஒன்றின் வளாகத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முற்பகல் நின்றிருந்தோம். கடனில் மூழ்கிய அந்த ஆலையின் இயந்திரங்கள் ஏலத்தில் போய்விட்டன. எடுத்தவரின் ஆட்கள் அவற்றைக் கழற்றி லாரிகளில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நம்மை அங்கே அழைத்துச் சென்றவர் நம் மாணவி ஒருத்தியின் தந்தை. ரிங் பிரேம் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். வரவேண்டிய சம்பளப் பாக்கிக்கு மனு எழுதித் தரும்படி கேட்டு வந்தவர், இயந்திரங்கள் வெளியேறும் செய்தியறிந்து அவற்றை ஒருமுறை பார்த்துவிட வேண்டுமென்றார்.

ஆலைக் கூடத்தின் பின்புறம் ஓர் இரும்புத் தொட்டி. அதை வெட்டுவதற்காக இளைஞர் ஒருவர் கேஸ் கட்டரைப் பற்றவைத்தார். அதுவரை ஒன்றும் பேசாமல் நின்ற நம் நண்பர் திடீரென்று ஓடினார். "தம்பி, நிறுத்துப்பா! அதுக்குள்ள எண்ணெய் கிடக்கு. தண்ணி ரொப்பாம வெட்டாதே!" மேற்பார்வையாளர் எரிச்சலோடு வந்து மூடியைத் திறந்து பார்த்தார். அடியில் பழைய எண்ணெய் கறுத்துத் தேங்கியிருந்தது. வேலை நின்றது. அந்த இளைஞருக்கு நம் மாணவியின் வயதுதான் இருக்கும்.

ஏல அறிவிப்பில் அந்தத் தொட்டிக்கு ஒரு லாட் எண் இருந்தது. தோராய எடை இருந்தது. உள்ளே கிடந்த எண்ணெய் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நண்பரின் சம்பளப் பாக்கியும் அந்த அறிவிப்பில் இல்லை. நொடித்துப்போன தொழிற்சாலையின் ஏலத்தில் பட்டியலுக்கு வெளியே நிற்கும் இந்த இரண்டும், உழைத்தவனுக்குத் தரவேண்டிய கடனும் இயந்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தும், வேறு வேறு செய்திகள் என்றே அதுவரை நினைத்திருந்தோம். ஒரே செய்தியின் இரண்டு பக்கங்கள் அவை என்பது அந்தத் தொட்டியின் அருகே விளங்கியது. வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால் அது இன்னும் தெளிவாகும்.

தமிழாசிரியர்களாகிய நமக்குச் சொல்லிலிருந்து தொடங்குவதே பழக்கம். 'ஏலம்' தமிழ்ச் சொல்லன்று. 'லெய்லாவ்' என்னும் போர்த்துக்கீசியச் சொல் நம் துறைமுகங்களில் கரையேறி, ஏலம் என்றானது. சாவியும் அலமாரியும் ஜன்னலும் வந்த அதே கப்பலில் வந்த சொல். 'திவால்' வடக்கேயிருந்து வந்தது. 'ஜப்தி' பாரசீக வழி வந்த நீதிமன்றச் சொல். கடன்பட்டவன் கைவிரித்துவிட்டால் 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்' என்கிறோம். இந்தக் கலைச்சொற்களில் பலவும் வெளியிலிருந்து வந்தவை. ஆனால் ஏலத்தில் விலை சொல்பவனின் செயலைக் குறிக்க நாம் வைத்துக்கொண்ட வினை நம்முடையதே: 'ஏலம் கேட்கிறான்'. கேட்பவனுக்கே பொருள். மற்றவர்கள் பேச்சு அங்கே கேட்கப்படுவதில்லை.

சொல் புதிதாயினும் செயல் பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பெருவிலை' என்றொரு வழக்கு உண்டு. பலரறியக் கூவி விற்கும் பொது விற்பனையை அது குறிக்கும். 'இராசராசப் பெருவிலை' என்றும், கோயில் நில விற்பனைகளில் 'சண்டேசுவரப் பெருவிலை' என்றும் அது பெயர் பெற்றது. செய்யாற்றை அடுத்த உக்கல் ஊர்க் கல்வெட்டொன்று முதலாம் இராசராசனின் ஆணையைச் சொல்கிறது: இரண்டு ஆண்டுகள் முழுமையாக வரி செலுத்தாதோரின் நிலத்தை ஊரார் விற்றுக்கொள்ளலாம். நம் புதுக்கோட்டை வட்டாரமும் இதற்கு அயலானதன்று. புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1929இல் அச்சிட்டு வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால், நெருக்கடிக்குள்ளான ஊர்கள் தம் பாடிகாவல் உரிமையை விற்றுக்கொடுத்த செய்திகள் அடுத்தடுத்து வருகின்றன. விற்றவர் யார், வாங்கியவர் யார், எல்லை எது, விலை எவ்வளவு என்பதெல்லாம் கல்லில் உண்டு. அந்த நிலத்தில் கூலிக்கு உழுதவனுக்குப் பாக்கி இருந்ததா என்பதைக் கல் சொல்வதில்லை.

கம்பெனி என்னும் அமைப்பு வந்தபின் நிலைமை வேறொரு வடிவம் கொண்டது. கடன்பட்ட மனிதனைக் கைகாட்டலாம். கம்பெனியோ சட்டம் படைத்த ஆள். அது நொடித்தால் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பங்குத்தொகையோடு முடிந்துவிடும். மிஞ்சிய சொத்தைக் கலைப்பதற்கென்று ஒரு கலைப்பாளர் வருவார். அவருடைய கடமை கிடைக்கக்கூடிய அதிகபட்ச விலைக்கு விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவது. யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்பது அவர் கவலையன்று.

தமிழர்கள் இதன் கசப்பை மிக நெருக்கமாக உணர்ந்தது தூத்துக்குடியில். வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசி நாவாய்ச் சங்கம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களை வாங்கி வெள்ளையர் கம்பெனியோடு போட்டியிட்டது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல்கள் ஏலத்தில் போட்டியாளரிடமே போய்ச் சேர்ந்தன. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தபோது வ. உ. சி.க்கு விற்பதற்கும் வாங்குவதற்கும் ஒன்றும் மிச்சமில்லை. கப்பலின் விலை கணக்கில் ஏறியிருக்கும். ஊர் ஊராய்ப் பங்கு திரட்டிய நம்பிக்கைக்கு எந்தக் கலைப்புக் கணக்கிலும் பத்தி கிடையாது.

இனி, பங்கீட்டு வரிசைக்கு வருவோம். ஏலத்தில் வரும் பணம் எல்லாக் கடன்களுக்கும் போதுவதில்லை. போதுமானால் ஏலமே வந்திராது. ஆகவே யார் முதலில், யார் பின்னால் என்பதே உயிர்நிலையான கேள்வி. 1956ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் தொழிலாளியின் சம்பளப் பாக்கியை 'முன்னுரிமைக் கடன்' என்று அழைத்தது. பெயரில்தான் முன்னுரிமை. நிலத்தையும் இயந்திரத்தையும் ஈடாகப் பிடித்திருந்த வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மிச்சமிருப்பதில்தான் அந்த முன்னுரிமை செல்லுபடியாகும். அதுவும் நான்கு மாதச் சம்பளத்துக்குட்பட்டது. பெரும்பாலான ஆலைகளில் மிச்சம் என்று ஒன்று இருப்பதேயில்லை.

இந்த வரிசையை அசைத்த வழக்கு தமிழகத்திலிருந்து சென்றது. கோயம்புத்தூரில் ஒரு தொழிற்குடும்பத்துக்குள் எழுந்த பிணக்கின் காரணமாக அவர்களுடைய கம்பெனியைக் கலைக்கக் கோரி மனு தாக்கலானது. மூடினால் நடுத்தெருவில் நிற்கப்போகிறவர்கள் நாங்கள், எங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்தை அணுகின. கம்பெனிச் சட்டத்தில் அப்படியொரு இடம் தொழிலாளிக்கு எழுதப்பட்டிருக்கவில்லை. மனுப்போட உரிமையுள்ளவர்களின் வரிசையில் பங்குதாரரும் கடன்கொடுத்தவரும் கம்பெனியும் உண்டு; தொழிலாளி இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. தேசியப் பஞ்சாலைத் தொழிலாளர் சங்க வழக்கு என்று பெயர் பெற்ற அதில் 1982 டிசம்பரில் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். பகவதி, சின்னப்ப ரெட்டி, பகருல் இஸ்லாம் மூவரும் தொழிலாளருக்குக் கேட்கப்படும் உரிமை உண்டு என்றார்கள். வெங்கடராமையா, சென் இருவரும் மாறுபட்டார்கள். மூவருக்கு இருவர் என்ற மிகக் குறைந்த பெரும்பான்மையில் வந்த தீர்ப்பு அது. முதல் போட்டவனின் குரலோடு உழைப்பைப் போட்டவனின் குரலும் நீதிமன்றத்தில் ஒலிக்கலாம் என்பது அன்று நிலைபெற்றது.

கேட்கப்படும் உரிமை வந்தபின் பெறும் உரிமையும் வந்தது. 1985இல் கம்பெனிகள் சட்டம் திருத்தப்பட்டு, 529ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. ஈட்டுக்கடன் கொடுத்த வங்கிக்குச் சமமான வரிசையில் தொழிலாளியின் பாக்கியும் நிற்கும் என்றது அப்பிரிவு. அதே 1985இல் நலிவுற்ற தொழில் நிறுவனங்கள் சட்டமும் வந்து, அதன்படி 1987இல் தொழில் மற்றும் நிதி மறுசீரமைப்பு வாரியம் இயங்கத் தொடங்கியது. நோயுற்ற ஆலையைப் பிழைக்கவைப்பதே நோக்கம். ஆனால் வாரியத்தின் நிழலில் இருக்கும்வரை கடன்காரர் வழக்காட முடியாது என்பதால், பல நிறுவனங்கள் பிழைக்காமலும் சாகாமலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தொழிலாளி வயதாகிக்கொண்டிருந்தான், இயந்திரம் துருவேறிக்கொண்டிருந்தது. ஓடும் நிலையில் விற்றிருந்தால் இயந்திரத்தின் விலைக்குப் போயிருக்கும் ரிங் பிரேம், கடைசியில் பழைய இரும்பாகக் கிலோ விலைக்குப் போனது. தாமதத்தால் நேர்ந்த இழப்பு முதலில் தொழிலாளி பையில்தான் தெரிந்தது.

அந்தச் சட்டம் 2016 டிசம்பரில் நீக்கப்பட்டது. இப்போது நடப்பிலிருப்பது 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பு. அதன் 53ஆம் பிரிவு பங்கீட்டின் படிகளை வரிசைப்படுத்துகிறது. நடைமுறைச் செலவு முதலில். அடுத்த படியில் ஈட்டை விட்டுக்கொடுத்த வங்கியும், கலைப்பு தொடங்குவதற்கு முந்தைய 24 மாதத் தொழிலாளர் பாக்கியும் ஒன்றாக. மற்ற ஊழியர்களின் 12 மாதச் சம்பளம் அதற்குக் கீழே. ஈடில்லாக் கடன், அரசுக்குரிய வரி, பிற கடன்கள் என்று படிகள் இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் பங்குதாரர். வருங்கால வைப்பு நிதி, ஓய்வூதிய நிதி, பணிக்கொடை நிதி ஆகியவற்றில் தொழிலாளிக்குச் சேரவேண்டிய தொகை இந்தப் பங்கீட்டுக்கு வெளியே காக்கப்பட வேண்டும் என்கிறது 36ஆம் பிரிவு. ஆனால் 24 மாதங்களுக்கு முந்தைய சம்பளப் பாக்கி கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது. இந்த வரிசை அநீதியானது என்று மோசர் பேயர் நிறுவனத்தின் தொழிலாளர் தொடுத்த வழக்கில், சட்டம் செல்லும் என்று 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆகத் தொழிலாளிக்கு ஓர் இடம் உண்டு. அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

ஆபத்தின் வரலாறு இதற்கும் பிற்பட்டது. ஏல அறிவிப்புகளில் தவறாமல் வரும் வாசகம் 'உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்தில்' என்பது. பொருளில் குறையிருந்தால் விற்றவர் பொறுப்பல்லர் என்பதுதான் அதன் பொருள். விலையைப் பற்றிய வரையில் இது நியாயமாகலாம். ஆனால் பழைய இயந்திரத்தில் இருப்பது குறை மட்டுமன்று. உள்ளது உள்ளபடியே நஞ்சும் கைமாறுகிறது.

கொடைக்கானலில் நடந்ததைப் பலரும் அறிவர். அது நொடித்த நிறுவனமன்று. ஆனால் ஆலைக் கழிவு காயலான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்தில் அதைவிடத் தெளிவான பாடம் இல்லை. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து கொண்டுவரப்பட்ட பழைய இயந்திரங்களோடு 1980களின் முற்பகுதியில் அங்கே வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று தொடங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள பழைய பொருள் கடை ஒன்றில், பாதரசம் படிந்த கண்ணாடித் துண்டுகள் ஏறத்தாழ 7.4 டன் அளவுக்குக் கிடப்பதை ஊராரும் சூழலியல் அமைப்புகளும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிச் சென்றது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு இழப்பீடு வழங்கும் உடன்பாடு 2016இல்தான் ஏற்பட்டது. கழிவு ஊரைவிட்டுப் போய்ப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

தில்லியில் 2010இல் நேர்ந்தது நேரடியாகவே ஏலத்தின் விளைவு. பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் பயன்பாடின்றிக் கிடந்த கதிர்வீச்சுக் கருவி ஒன்று அவ்வாண்டு பிப்ரவரியில் பழைய பொருள்களோடு ஏலம் விடப்பட்டது. மாயாபுரிக் காயலான் கடைகளில் அதைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஏப்ரலில் பலர் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானார்கள், ஒருவர் இறந்தார். பல்கலைக்கழகத்திலேயே இது நடந்ததென்றால் பிற இடங்களைப் பற்றி என்ன சொல்ல? தாள் ஆலைகளிலும் சிமெண்ட் ஆலைகளிலும் தடிமனையும் மட்டத்தையும் அளக்கச் சிறு கதிரியக்க மூலங்கள் பொருத்தப்பட்டிருப்பதுண்டு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியின்றி அவற்றைத் தொடவோ விற்கவோ கூடாது. ஆலை நொடித்து, பொறியாளர்கள் விலகி, கோப்புகள் கரையானுக்குப் போனபின் அந்தச் சிறு பெட்டி எது என்று யாருக்குத் தெரியும்?

இயந்திரங்களைப் பத்திரமாக வெளியேற்றுவது என்பது ஓர் ஒழுங்கு. முதலில் மின்சாரத்தை அடியோடு துண்டிக்க வேண்டும். மின்தேக்கிகளில் எஞ்சியிருப்பதை வெளியேற்றியாக வேண்டும். எண்ணெய், அமிலம், குளிரூட்டிகளிலுள்ள அம்மோனியா ஆகியவற்றை வடித்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும். பழைய மின்மாற்றிகளின் எண்ணெயில் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கக்கூடும். அதன் பயன்பாடு 2025 டிசம்பர் 31க்குப் பின் கூடாது என்று 2016இலேயே மத்திய அரசு ஆணையிட்டது. கொதிகலன் பதிவெண் உடையது. அதை இடம் மாற்றிப் பயன்படுத்துவதென்றால் கொதிகலன் ஆய்வகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கல்நார்க் கூரையை உடைக்காமல் நனைத்து இறக்க வேண்டும். தொட்டிக்குள் ஆள் இறங்குமுன் காற்றைச் சோதிக்க வேண்டும். எண்ணெய் இருந்த கலத்தைக் கழுவாமலும் நீர் நிரப்பாமலும் நெருப்பால் வெட்டக்கூடாது. பளுவை மேலிருந்து கீழாகக் குறைத்து வரவேண்டும். அடித்தளப் போல்ட்டை அவசரத்தில் முதலில் அறுத்தால் இயந்திரம் ஆள்மேல் சாயும்.

இவ்வளவையும் செய்யக் காலமும் பணமும் வேண்டும். ஏலம் எடுத்தவருக்கோ குறித்த நாளுக்குள் பொருளை அப்புறப்படுத்தியாக வேண்டும்; தவறினால் கட்டிய தொகைக்கு ஆபத்து. அவர் வேலையைத் துணை ஒப்பந்தக்காரரிடம் விடுகிறார். அவர் தினக்கூலிக்கு ஆள் பிடிக்கிறார். அந்த ஆலையை முன்பின் பார்த்திராத ஒருவன் கையில் கடைசியில் கேஸ் கட்டர் வந்து சேர்கிறது. கடன்காரர் வரிசையில் கடைசிப்படி பங்குதாரருக்கு என்று சட்டம் சொல்கிறது. ஆபத்தின் வரிசையிலோ அவன்தான் முதற்படி.

எந்தக் குழாயில் என்ன ஓடியது, எந்தத் தொட்டி எப்போது கடைசியாகக் கழுவப்பட்டது, எந்தச் சுவருக்குள் மின்கம்பி போகிறது என்பதெல்லாம் பொறியாளரின் வரைபடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அங்கே இருபது ஆண்டுகள் நடமாடியவரின் நினைவில் கட்டாயம் இருக்கும். அவரைத்தான் வாயிற்கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறோம். 1982இல் தொழிலாளர் கோரிய உரிமை நீதிமன்றத்தில் தம் தரப்பைச் சொல்லும் உரிமை. அது அவர்களுக்காக மட்டும் கோரப்பட்டது என்று இதுவரை படித்து வந்தோம். கேட்டிருந்தால் பிறர் உயிரும் காக்கப்படும் என்பதே நாம் கண்டது. ஏலத்துக்கு நாள் குறிக்கும் முன் பழைய தொழிலாளர் சிலரை அழைத்து, கூலி கொடுத்து, ஆலையை ஒருமுறை சுற்றிவரச் செய்து, அவர்கள் சொல்லும் ஆபத்துகளைப் பட்டியலோடு சேர்த்து வெளியிடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. நடைமுறைச் செலவு என்று பங்கீட்டின் முதற்படியில் எழுதக்கூடிய செலவே அது.

அன்று மாலை நண்பருக்காக உரிமைகோரும் படிவத்தை நிரப்பினோம். வேலை நியமன ஆணை அவரிடம் இல்லை, மழையில் போய்விட்டது. வைப்பு நிதி எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, மடித்து மடித்துக் கிழிந்த இரண்டு சம்பளச் சீட்டுகள் இருந்தன. சேர்ந்த தேதி, நீங்கிய தேதி, பாக்கித் தொகை என்று கட்டங்கள் வரிசையாக வந்தன. கையெழுத்துப் போடும் முன் அவர் நம்மிடம் கேட்டார்: "சார், அந்தத் தொட்டிக்குத் தண்ணி ரொப்பினாங்களான்னு நாளைக்கு ஒருதரம் போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

மறுநாள் போனோம். நிரப்பியிருந்தார்கள்.